வட்டவாளின் மூடியைக் கழற்றியது யார்?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு மரக்காலையில் நாட்கூலிக்கு வேலை செய்கிறான். போன மாதம் வட்டவாளில் பலகை பிளக்கும்போது இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அந்த வாளுக்கு முன்பு ஓர் இரும்பு மூடி இருந்தது. பெரிய மரம் ஏற்ற இடைஞ்சல் என்று முதலாளி கழற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் "வீட்டில் விறகு வெட்டும்போது நடந்தது" என்று சொல்லச் சொன்னார். தம்பியும் அப்படியே சொல்லிவிட்டான். இப்போது 75,000 ரூபாய் தருகிறேன், "என் கவனயீனத்தால் நடந்தது, இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தா என்கிறார். கையுறை வாங்கிக் கொடுத்தும் அவன் போடவில்லை என்றும் சொல்கிறார். நியமனக் கடிதமோ சேமலாப நிதியோ கிடையாது. அங்கே இன்னும் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒரு பெடியனுக்கு 17 வயது. நாங்கள் என்ன செய்யலாம்? – ஒரு சகோதரி, வலிகாமம்

பதில்: அந்தத் தாளில் தம்பி கையெழுத்து வைக்கக்கூடாது. வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் உரிமையைத் தொழிலாளி எழுதிக்கொடுத்து விட்டுவிட முடியாது. அப்படி எழுதினாலும் அந்த எழுத்து செல்லாது. செல்லாத தாள்தானே, வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். "என் கவனயீனம்" என்ற அந்த ஒரு வரி நாளைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தம்பிக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். முதலாளி உண்மையில் உதவி செய்ய விரும்பினால் "மருத்துவச் செலவுக்குப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டுக்குப் பணத்தைத் தரட்டும். தரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். விபத்து வழக்குகளில் நான் அடிக்கடி காண்கிற சிக்கல் இதுதான். வலியோடு படுத்திருப்பவனிடம் முதலாளியின் ஆள் காதோடு சொல்லிவிட்டுப் போவார். விடுதியில் அது எழுத்தில் பதிவாகிவிடும். இதை இந்தக் கிழமைக்குள் திருத்துங்கள். தம்பி வைத்தியசாலைப் பொலிஸிலோ, மரக்காலை இருக்கிற பகுதிப் பொலிஸ் நிலையத்திலோ போய் நடந்ததையும், முதலில் ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதையும் சேர்த்து வாக்குமூலமாகக் கொடுக்கட்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி பொலிஸில் துண்டும் கேளுங்கள். வட்டவாள் வெட்டுக்கும் கோடரி வெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? "இதென்ன பெரிய பக்டரியா, வளவுக்குள்ளே ஒரு கொட்டில்தானே" என்று முதலாளி சொல்லக்கூடும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போன்ற பெரிய புகைபோக்கி தேவையில்லை. வியாபாரத்துக்காக ஆட்களை வைத்து உடலுழைப்பால் ஒரு பொருளைச் செய்கிற, திருத்துகிற, மாற்றுகிற இடம் என்றால் அது தொழிற்சாலைதான். மரம் அரியும் கொட்டிலும் அதற்குள் வரும்.

அந்தச் சட்டத்தின்படி மிஷினின் ஆபத்தான பாகத்துக்கு உறுதியான காப்பு போடவேண்டும். மிஷின் ஓடும்போதெல்லாம் காப்பு அதன் இடத்தில் இருக்கவும் வேண்டும். இந்தக் கடமை முதலாளியினுடையது. "கவனமாகச் செய்" என்று வாயால் சொல்வதால் அது தீர்ந்துவிடாது. வட்டவாள் என்றால் மேலே மூடி வேண்டும். பலகை இறுகி வாளைக் கவ்வி ஆளின் மேல் திருப்பி எறியாமல் இருக்க வாளுக்குப் பின்னால் ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்கவேண்டும். கடைசிச் சாண் பலகையைக் கையால் தள்ளாமல் இருக்கத் தள்ளுகட்டை வேண்டும். கையெட்டும் தூரத்தில் நிறுத்தும் சுவிச் இருக்கவேண்டும். பெல்ட் ஓடும் பக்கம் அடைத்திருக்கவேண்டும். வாள் மாற்றும்போது மெயினை நிறுத்திப் பூட்டி, மாற்றுகிறவரே திறப்பைத் தன் மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். பெரிய மரம் ஏறவில்லை என்றால் உயர்த்தி இறக்கக்கூடிய மூடி போடலாம். கழற்றி எறிவது அதற்கு வழியில்லை.

கையுறைக் கதைக்கு வருவோம். சுழலும் வாளுக்கும் துளைபோடும் மிஷினுக்கும் முன்னால் துணிக் கையுறை போடுவதே ஆபத்து. நூல் சிக்கினால் விரலோடு சேர்த்துக் கையையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே அவன் கையுறை போடவில்லை என்பது முதலாளிக்கு ஒரு பாதுகாப்பும் தராது. மூடி இருக்கவேண்டிய இடத்தில் கையுறையைக் காட்டுகிறார் என்பதைத்தான் அது வெளிக்காட்டுகிறது.

முதலாளி பிடிக்கக்கூடிய கொம்பு ஒன்றுதான். பாதுகாப்புக்காகத் தெளிவாக இட்ட கட்டளையைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, காப்பை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ, மதுவெறியில் இருந்து அதனாலேயே காயப்பட்டிருந்தாலோ நட்டஈடு மறுக்கப்படலாம். வெறும் கவனக்குறைவு இதற்குள் வராது. ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: மூடியைக் கழற்றியது யார்? வாள் மேசையில் மூடி பூட்டியிருந்த போல்ட் ஓட்டைகள் இருக்கும். கழற்றிய மூடி எங்காவது சுவரோரம் மரத்தூளுக்குள் கிடக்கும். இரண்டையும் யாராவது போனில் படம் எடுத்து வைக்கட்டும். புது மூடி வந்து பூட்டப்படுவதற்கு முன்னால் எடுக்கவேண்டும். "கழற்றச் சொன்னவர் முதலாளிதான்" என்று சொல்லக்கூடிய இருவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நியமனக் கடிதம் இல்லாதது பெரிய தடையில்லை. வாய்ப்பேச்சில் சேர்ந்த வேலையும் வேலைதான். சம்பளத் துண்டு, "நாளைக்கு வெள்ளன வா" என்ற வட்ஸ்அப் செய்தி, வங்கியில் போட்ட பணம், கூட வேலை செய்பவரின் வாய் எல்லாம் சான்று. சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்டவேண்டும், நாட்கூலிக்காரருக்கும்தான். அதைத் தனி முறைப்பாடாகவே யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் கொடுங்கள். அந்த விசாரணையில் தம்பி அங்கே வேலை செய்தார் என்பது பதிவானால் நட்டஈட்டுக் கோரிக்கைக்கும் கைகொடுக்கும்.

நட்டஈட்டை வேலையாள் நட்டஈட்டு ஆணையாளரிடம் கேட்கவேண்டும். எந்த விரல், எவ்வளவு போனது என்பதற்கு ஏற்ப உழைக்கும் சக்தி எத்தனை வீதம் குறைந்தது என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதையும் சம்பளத்தையும் வைத்துத்தான் தொகை வரும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரைமாதக் கொடுப்பனவும் உண்டு. உச்ச வரம்பு 5,50,000 ரூபாயாக இருந்தது. 2022 திருத்தம் அதை 20 இலட்சமாக்கியது. தம்பிக்கு அந்த உச்சம் கிடைக்கும் என்று யாரும் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஆனால் 75,000 நியாயமா இல்லையா என்பதை முதலாளி தன் வாயால் தீர்மானிக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் கவனயீனத்துக்கு வழக்குப் போடும் வழியும் உண்டு. அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடம்தான் காலம். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. காயம் ஆறி, வைத்திய அறிக்கை கையில் வந்தபின் ஒரு சட்டத்தரணியோடு இருந்து எந்த வழி என்று முடிவெடுங்கள்.

அப்புறம், அங்கே இன்னும் நிற்கிற ஆறு பேர். மூன்று நாளுக்கு மேல் ஒருவரை வேலையிலிருந்து விலக்கிவைக்கிற விபத்தை முதலாளி எழுத்தில் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்கவேண்டும். விறகுக் கதை சொல்லச் சொன்னவர் அறிவித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. நீங்களே எழுதிக் கொடுங்கள். முறைப்பாடு யாரிடமிருந்து வந்தது என்பதை இரகசியமாக வைத்திருக்க வேண்டியது பரிசோதகரின் கடமை. அதைச் சொல்லும் 81 ஆம் இலக்க சர்வதேசத் தொழில் சமவாயத்தை இலங்கை 1956 இல் ஏற்றது. நேரில் பார்த்து ஆபத்து என்று கண்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் அந்த மிஷினை நிறுத்திவைக்கவும் வழியுண்டு. சாட்சி சொன்னதற்காக யாரையாவது வேலையால் நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம்.

எங்கள் பக்கத்தில் இது மரக்காலையோடு முடிகிற விஷயமில்லை. டீசல் இருந்த பீப்பாயைக் கழுவி ஆவி போக்காமல் வெல்டிங் வைப்பது, ஐஸ் தொழிற்சாலையில் அமோனியாக் குழாய்க்குப் பக்கத்தில் முகமூடி இல்லாமல் வேலை செய்வது, கிணற்றுக்குள் நீரிறைக்கும் மிஷினை இறக்கி ஓடவிட்டு ஆளையும் இறக்குவது எல்லாம் அன்றாடம் நடக்கிறது. கிணற்றுப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். கிணற்றுக்குள்ளோ தொட்டிக்குள்ளோ ஆளை இறக்குவதென்றால் காற்றுச் சோதனை, இடுப்பில் கயிறு, வெளியே கயிற்றைப் பிடித்தபடி ஒருவர். இதற்குக் குறைந்து வேலை தொடங்கக்கூடாது.

அந்த 17 வயதுப் பெடியனின் விஷயத்தைக் காத்திருக்க வைக்காதீர்கள். ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவரை வைக்கவே கூடாது. தாய் தகப்பன் சம்மதித்தாலும் கூடாது. தொழில் அலுவலகத்துக்குப் போகுமுன் 1929 க்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து வழக்கை எடுப்பார்கள். தம்பியின் அடையாள அட்டை, ஆஸ்பத்திரித் துண்டுகள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, போன் படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். முதலாளி கையெழுத்துக் கேட்டு நீட்டிய அந்தத் தாள் கிடைத்தால் அதையும் கிழிக்காமல் கொண்டுபோங்கள்.