ஒஸ்லோ பலசரக்குக் கடையில் வைன் விற்கலாமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறோம். ஒஸ்லோவில் உள்ள மருமகன் அங்கு ஒரு பலசரக்குக் கடையை வாங்கவிருக்கிறார். நானும் பணம் போடுகிறேன். கடைக்குப் பியர் விற்கும் அனுமதி இருப்பதால், வைன் வருமானத்தையும் கணக்கில் சேர்த்துள்ளோம். அது சரியா?

பதில்: சரியல்ல. வைன் வருமானத்தைக் கணக்கிலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள்.

உரிமம் பெற்ற மதுபானக் கடையில் பியர், வைன், சாராயம் மூன்றும் அருகருகே இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பியருக்கு அனுமதி இருந்தால் வைனுக்கும் இருக்கும் என்று தோன்றுவது இயல்பே. நோர்வேச் சட்டமோ பானத்தின் பெயரைவிட அதிலுள்ள மதுசாரத்தின் அளவையே முதன்மையாகப் பார்க்கிறது. உள்ளூராட்சி சபையின் விற்பனை அனுமதி பெற்ற பலசரக்குக் கடை 4.7 வீதம் வரையான பானங்களை மட்டுமே விற்கலாம். அதற்கு மேற்பட்டவற்றின் சில்லறை விற்பனை, சில சிறு விதிவிலக்குகள் நீங்கலாக, 1922இல் தொடங்கப்பட்ட அரச நிறுவனமான வின்மொனோபோலெட்டுக்கே உரியது.

4.7 வீதத்துக்குள் வைன் வாங்கி விற்கலாமே என்று மருமகன் கேட்கக்கூடும். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சீனி நொதித்தால் மதுசாரம் 1 வீதம் உயரும்; நன்கு பழுத்த திராட்சையின் சாற்றில் லீற்றருக்கு 200 கிராம் அளவில் சீனி இருப்பதால், முழுமையாக நொதித்த வைன் 12 வீதத்தை ஒட்டியே வந்து நிற்கும். சாதாரண வைன் போத்தலின் லேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் 11க்கும் 14க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணே இருக்கும். ஆகவே சட்டம் வைனைப் பெயர் சொல்லித் தடுக்காவிட்டாலும், அந்த எல்லை வழமையான வைனை முழுவதுமாக வெளியே நிறுத்திவிடுகிறது. மதுசாரம் நீக்கிய வைனையும், வைனில் பழச்சாறு கலந்து எல்லைக்குள் தயாரித்த பானங்களையும் வைக்கலாம்; ஆனால் அவற்றை நம்பிப் பெருந்தொகை போடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

சுவீடனில் பலசரக்குக் கடைக்கான எல்லை 3.5 வீதம், பின்லாந்தில் நொதித்த பானங்களுக்கு 2024 ஜூன் முதல் 8 வீதம். அங்குள்ள உறவினர் சொல்வதை வைத்து ஒஸ்லோவில் முடிவெடுக்க வேண்டாம்.

உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. இருக்கும் பியர் அனுமதி கடையோடு சேர்ந்து கைமாறிவிடாது. உரிமையாளர் மாறினால் புதிய விண்ணப்பம் தேவை. கடைப் பொறுப்பாளரும் அவருடைய பதிலாளும் 20 வயது நிறைந்தவர்களாக இருந்து, மதுச் சட்டம் குறித்த தேர்விலும் சித்தியடைய வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் 8 புள்ளிகள் விழும். 2 ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதி ஒரு வாரம் பறிபோகும். தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று வைன் போத்தல்களை உள்ளறையில் வைத்து விற்பது தண்டனைக்குரிய குற்றம்.

வைன்தான் நோக்கமென்றால், உணவகத்துக்கான பரிமாறும் அனுமதியே வழி. அதற்கு வேறு இடமும் வேறு முதலீடும் வேண்டும். கடையையே வாங்குவதானால், பியர் விற்பனையின் பங்கைத் தனியாகக் காட்டும் கணக்கை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். புதிய அனுமதி கிடைத்த பின்னரே முழுப் பணமும் செலுத்தப்படும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.