குடற்புழு மருந்து அல்பெண்டசோல் 2.5%: 18 கிலோ ஆட்டுக்கு 72 மில்லியா?

72 இல்லை, 7.2 மில்லி. ஊற்றிவிடாதீர்கள், அது பத்து மடங்கு.

2.5% என்பதை மில்லிக்கு 2.5 மி.கி. என்று எடுத்திருப்பீர்கள். சதவீதம் 100 மில்லிக்கான கிராம் கணக்கு. 100 மில்லியில் 2.5 கிராம், அதாவது 2500 மி.கி.; ஆக ஒரு மில்லியில் 25 மி.கி. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினாலே போதும். டாக்டர் எழுதியது கிலோவுக்கு 10 மி.கி. என்கிறீர்கள்: 18 × 10 = 180 மி.கி.; 180 ÷ 25 = 7.2.

லேபிளில் ‘ஒவ்வொரு மில்லியிலும்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே 25 மி.கி. இருக்க வேண்டும். இதே மருந்து 10 சதவீதத்திலும் விற்கிறது. கையில் இருப்பது அதுவானால் 1.8 மில்லிதான்.

இது சஸ்பென்ஷன், மருந்துத்தூள் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் ஆடுகளுக்குத் தெளிந்த நீரும், கடைசி ஆட்டுக்குக் கெட்டி மருந்தும் போகும். ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குலுக்குங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக விட்டு மெதுவாக அழுத்துங்கள். தலையை அண்ணாந்து பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

எடையைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். அளவு குறைந்தால் தப்பிய புழுக்கள்தான் பெருகும், பிறகு மருந்தே கேட்காது.

கிடா சேர்ந்து ஒரு மாதம் ஆகாத ஆட்டுக்கு அல்பெண்டசோல் கூடாது, குட்டி ஊனமாகலாம். அதற்கு வேறு மருந்தை டாக்டரிடம் கேளுங்கள். மருந்து கொடுத்தபின் பால், இறைச்சியை எத்தனை நாள் பயன்படுத்தாமல் விட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.