வாடகை வீட்டுக்கு எந்தக் காப்பீடு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முன்பு நாங்களே குடியிருந்த வீட்டை இரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு விட்டிருக்கிறோம். அப்போது எடுத்த வீட்டுக் காப்பீட்டையே புதுப்பித்து வருகிறேன். அது போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. உரிமையாளரே குடியிருக்கிறார் என்று முன்மொழிவுப் படிவத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் நிறுவனம் பிரீமியத்தைக் கணக்கிட்டிருக்கும். வீட்டின் பயன்பாடு மாறியதைத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், பாலிசியின் விதிகளைப் பொறுத்து இழப்பீடு குறைக்கப்படலாம். முற்றிலும் மறுக்கப்படவும் கூடும். ஆகவே, அடுத்த புதுப்பித்தலுக்குக் காத்திராமல் எழுத்து மூலம் தெரிவித்து, வீட்டு உரிமையாளர்களுக்கென உள்ள பாலிசிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாலிசியில் கட்டடம், நீங்கள் பொருத்திக் கொடுத்த மின்விசிறி, அலமாரி போன்றவை, உங்கள் கவனக்குறைவால் பிறருக்கு நேரும் காயத்துக்கான சட்டப் பொறுப்பு, வாடகை இழப்பு ஆகியவை அடங்கியுள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குடியிருப்பவரின் உடைமைகள் இதில் அடங்கா. அவற்றுக்கு அவரே காப்பீடு எடுக்க வேண்டும் என்பதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுவது நல்லது. வாடகை இழப்பு என்ற சொல்லைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். தீ போன்ற காப்பீடு செய்யப்பட்ட சேதத்தால் வீடு குடியிருக்கத் தகாததாகிப்போனால் மட்டுமே அது கிடைக்கும். குடியிருப்பவர் வாடகை தராவிட்டாலோ, ஆள் வராமல் வீடு காலியாகக் கிடந்தாலோ கிடைக்காது. காலியாகக் கிடப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடர்ந்து 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குத் திருட்டு, நீர்க்கசிவு ஆகியவற்றுக்கான பாதுகாப்பைப் பல பாலிசிகள் நிறுத்திவிடுகின்றன. ஒருவர் காலி செய்து மற்றொருவர் வருவதற்குள் வெள்ளையடிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போகும் வீடுகளில் இந்த நாட்கள் எளிதில் கடந்துவிடும்.

கேள்வி: காப்பீட்டுத் தொகையாக வீட்டின் விற்பனை விலையைக் குறிப்பிடலாமா? பிரீமியம் குறையட்டும் என்று பாதித் தொகைக்கு எடுக்கலாம் என்கிறார் நண்பர்.

பதில்: இரண்டும் தவறு. விற்பனை விலையில் நிலத்தின் மதிப்பும் சேர்ந்திருக்கிறது. வீடே எரிந்தாலும் நிலம் எங்கும் போய்விடாது. நீங்கள் குறிப்பிட வேண்டியது, இதே கட்டடத்தை இன்றைய கூலியிலும் பொருள் விலையிலும் மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவு. இடிபாடுகளை அகற்றும் செலவும் பொறியாளர் கட்டணமும் அதில் சேரும்.

நண்பரின் யோசனை எங்கே இடிக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மீண்டும் கட்ட 50 லட்சம் ஆகும் வீட்டை 30 லட்சத்துக்குக் காப்பீடு செய்கிறீர்கள். சமையலறையில் தீப்பிடித்து 10 லட்சத்துக்குச் சேதம். தொகை 30 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுவதும் வந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் விகிதாசார விதி உள்ள பாலிசியில், தேவையான தொகையில் ஐந்தில் மூன்று பங்குக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று கொண்டு, இழப்பிலும் அதே பங்கான 6 லட்சத்தை மட்டுமே தருவார்கள். அதிலும் உங்கள் சொந்தப் பொறுப்பாக ஒப்புக்கொண்ட தொகை கழியும். கட்டுமானச் செலவு ஏற ஏற, சரியாக எடுத்த பாலிசியும் சில ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்துவிடும் என்பதால், புதுப்பிக்கும்போதெல்லாம் இத்தொகையைத் திருத்துங்கள்.

கேள்வி: கடன் தந்த வங்கி ஏற்கெனவே காப்பீடு எடுக்க வைத்திருக்கிறது. தவணை போக வாடகையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். தனியாகப் பணம் சேர்க்கத்தான் வேண்டுமா?

பதில்: வங்கியின் கவலை தன் பாக்கித் தொகை பற்றியது, அந்தப் பாலிசி மீண்டும் கட்டும் செலவு முழுவதற்கும் எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். உங்கள் வருமானத்தை நம்பித்தான் தவணை ஓடுகிறது என்றால், கடன் பாக்கிக்கு ஈடான டெர்ம் ஆயுள் காப்பீடும் (குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தருவது) தேவை.

சேமிப்பு கட்டாயம் வேண்டும். ஏனெனில், காப்பீடு திடீர் விபத்துக்குத்தான் பணம் தரும், தேய்மானத்துக்குத் தராது. குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டினால் கோரலாம். குளியலறைத் தரையடியில் மாதக்கணக்கில் கசிந்து கீழ்த்தளக் கூரை ஊறியிருந்தால், அங்கே ஒன்றுக்குள் ஒன்றாகப் படிந்திருக்கும் பழுப்பு வளையங்களே கசிவு நெடுநாளையது என்று மதிப்பீட்டாளருக்குச் சொல்லிவிடும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஆண்டுக்கு 12 மாத வாடகை வரும் என்று திட்டமிடாதீர்கள். 11 மாதமே வரும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து தவணை, வரி, பிரீமியம், பராமரிப்பு ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் அந்த வீடு இப்போதைக்கு உங்கள் சம்பளத்தைத் தின்கிறது என்று பொருள். இன்னொரு வீட்டுக்கு முன்பணம் தரும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். ஆறு மாதத் தவணையும் ஒரு பெரிய பழுதுக்கான செலவும் தனிக் கணக்கில் சேரும்வரை வாடகையில் மிஞ்சுவதைத் தொடாமலிருப்பது என் யோசனை. குடியிருப்பவர் தந்த வைப்புத் தொகையை இந்தச் சேமிப்பில் சேர்த்து எண்ணாதீர்கள். அது அவர் பணம். சேமிப்பு வளர்ந்தபின், ஒவ்வொரு இழப்பிலும் நீங்கள் ஏற்கும் தொகையைக் கூட்டிக்கொள்ளச் சம்மதித்தால் பிரீமியம் குறையும். கையில் பணமில்லாதபோது அதைச் செய்தால், சிறு சேதத்துக்கும் கடன் வாங்க நேரிடும்.