கீமோவுக்கு மறுநாள் 390: வெறும் வயிற்றில் பார்த்தால் தெரியாத சர்க்கரை

கேள்வி: நாங்கள் ஏற்காடு நாகலூர் பக்கம். அம்மாவுக்கு 61 வயது, பல வருடமாகச் சர்க்கரை உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, சேலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ போகிறது. வெறும் வயிற்றில் 130, 140தான் காட்டுகிறது. ஆனால் கீமோவுக்கு மறுநாள் மதியம் 390. இன்சுலின் போடச் சொல்கிறார்கள். ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி, சோற்றை நிறுத்து என்கிறார் சித்தப்பா. தெரிந்தவர் ஒருவர் பொடி வேறு கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 390. அதற்கு அம்மா தின்ற சோற்றைக் குறை சொல்லாதீர்கள். கீமோ ஏற்றும்போது வாந்தியும் அலர்ஜியும் வராமலிருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு மாத்திரையாகவும் எழுதித் தருவதுண்டு. காலையில் அது உள்ளே போனால் மதியத்திலிருந்து இரவு வரை சர்க்கரை எகிறும், விடியும்போது இறங்கிவிடும். அதனால்தான் வெறும் வயிற்றுப் பரிசோதனையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. கீமோ அன்றும் அடுத்த மூன்று நாளும் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை பாருங்கள். சர்க்கரை ஏறுகிறதே என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாந்தி பிடித்துக்கொண்டால் அது வேறு தொல்லை.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம், மூன்று மாத சராசரி பார்க்கிறோம் என்று லேப் ஆட்கள் பேக்கேஜ் விற்பார்கள். ரத்தசோகையும், இடையில் ரத்தம் ஏற்றியதும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். கீமோ ஓடும்போது அதை நம்பி மருந்தை மாற்ற முடியாது. அந்தப் பணத்துக்கு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கி வையுங்கள்.

இன்சுலின் பற்றிய பயம் தேவையில்லை. ஸ்டீராய்டு நாட்களுக்கு மட்டும் போட்டு, அப்புறம் குறைத்து, கீமோ எல்லாம் முடிந்ததும் பழைய மாத்திரைக்கே திரும்பியவர்கள் நிறையப் பேர். கவனம் வேண்டியது வேறு இடத்தில். ஸ்டீராய்டு நாளின் அளவையே மற்ற நாட்களிலும் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். இரண்டு அளவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சிரிஞ்சையும் பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ போய்விடும்.

கீமோ சமயத்தில் 100க்குள் வைத்தே தீர வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். 110 முதல் 180 வரை நல்லது, சில வேளை 220 வரை போனாலும் பதற வேண்டாம். 300ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

இனி அந்தப் பொடி. கீமோ வார்டு வாசலில், பஸ் ஸ்டாண்டில், சில சமயம் கோயில் திருவிழாவில்கூட இந்த ஆட்கள் இருப்பார்கள். சேர்வராயன் மலை மூலிகை, ஒரு மண்டலம் சாப்பிட்டால் புற்றும் போகும் சர்க்கரையும் போகும் என்பார்கள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகும் புரோக்கருக்குக் கமிஷன் தனி. சாப்பிட்டதும் சர்க்கரை நிஜமாகவே இறங்கும், அதுதான் கொடுமை. மூலிகைச் சர்க்கரை மருந்து என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மாத்திரையையே பொடித்துக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அம்மா ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை போடுகிறார், வாந்தியில் சாப்பாடும் இறங்கவில்லை, அதன் மேல் இதுவும் சேர்ந்தால் நடு ராத்திரியில் நினைவு தப்பும். கீமோ மருந்தே ஈரலுக்குப் பாரம், என்ன கலந்தது என்று தெரியாத பொடி இன்னொரு பாரம். சித்த மருத்துவம் வேண்டும் என்றால் அரசு சித்தா பிரிவில் படித்த டாக்டர் இருக்கிறார். அவரிடம் கீமோ சீட்டைக் காட்டிக் கேளுங்கள், கீமோ டாக்டரிடமும் சொல்லுங்கள். லேபிளும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. கொடுத்தவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் சரி.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: சோற்றை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்காது, அம்மாதான் கிடப்பார். சாப்பிடாவிட்டாலும் ஈரல் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். எடை குறைந்தால் அடுத்த கீமோ தள்ளிப்போகலாம். அதற்காக, நம் ஊரில் முடியாதவர்களுக்கு முதலில் நீட்டும் ஜவ்வரிசிக் கஞ்சியையே மூன்று வேளையும் கொடுக்காதீர்கள். அது மாவுச்சத்து மட்டும்தான், சர்க்கரையைச் சரசரவென்று ஏற்றும், சதைக்கு ஒன்றும் தராது. கொஞ்சம் சோறு, அதோடு முட்டை, பருப்பு, மீன், சுண்டல் என்று கொடுங்கள். வாந்தி நாளில் எது இறங்குகிறதோ அதைக் கொடுக்கலாம், அன்றைக்குக் கஞ்சியும் சரிதான்.

சாப்பிட முடியாத நாளில் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் விழுங்க வைப்பது ஆபத்து. கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்திவிடும். வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருந்தால் மெட்ஃபார்மினும் வேண்டாம். ‘சாப்பிடாத நாளில் எதை நிறுத்த’ என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

மாத்திரை அட்டையில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையில் ஒளிந்திருக்கும், சின்ன எழுத்தையும் படியுங்கள். மற்ற மாத்திரை போடுபவர்களுக்கு மீட்டர் எண்ணை வைத்தே பெரும்பாலும் நிலைமையைச் சொல்லிவிடலாம். இதில் அப்படி இல்லை. இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. சாப்பாடு இல்லாமல் வாந்தியும் இருக்கும்போது இதைத் தொடர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரக்கூடும். அப்போதும் மீட்டரில் 180, 200 என்று சாதாரணமாகவே காட்டலாம். வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள். இந்த மாத்திரை போடுகிறார் என்று வாய்விட்டுச் சொல்லி, கீட்டோன் பரிசோதனை கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எண் 200 என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.

கீமோ டாக்டர் ‘சர்க்கரை டாக்டரைப் பாருங்கள்’ என்பார், அவரோ ‘கீமோ முடியட்டும்’ என்பார். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல திட்டம். ஆனால் கொண்டுவருபவருக்கு இந்த வாரம் கீமோ நடந்தது எப்படித் தெரியும்? ஒரு நோயாளிக்கு மூன்று நோட்டு, மூன்றும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இது மாறும் என்று காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. கீமோ தேதி, ஸ்டீராய்டு நாள், மதிய சர்க்கரை, போட்ட இன்சுலின் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, போகிற இடமெல்லாம் அதை மேசைமேல் வையுங்கள். இன்சுலின் அளவை மாற்றும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு, அந்த டாக்டர் பெயரையும் போன் எண்ணையும் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டுமே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்றும் நினைக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, கீமோவில் இருக்கிறார், சர்க்கரையும் உண்டு என்று இரண்டையும் சொல்லுங்கள்.