புதிய கடல் மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடலாமா?

கடையில் துறுதுறுவென்று நீந்தியது, போட்ட தீனியைச் சாப்பிட்டது, உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. இதையும் ஒரு மாதம் தனியாக வைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பதில் சொல்வதில்லை.

வெண்புள்ளி நோயைக் கொண்டுவரும் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி மீனின் மேல் இருப்பது 3 முதல் 7 நாள் வரைதான். பிறகு தானாகவே உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளேயே பலவாகப் பிரியும். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிரிகள் நீந்தி வெளியே வரலாம். ஓரிரு நாளுக்குள் அவற்றுக்கு ஒரு மீன் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். புள்ளி மறைந்தது, மீன் பிழைத்தது என்று நாம் நிம்மதியாக இருக்கும் நாட்களில்தான் அது அடியில் பெருகிக்கொண்டிருக்கிறது. செவுளுக்குள் மட்டும் நாலைந்து ஒட்டியிருந்தால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கடையில் பத்து நிமிடம் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது இதனால்தான்.

அது பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அங்கே காப்பர் (ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்து) ஊற்ற முடியாது. பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும். ஒவ்வொரு மீனையும் பிடித்து வெளியே எடுத்து மருந்து கொடுக்க வேண்டும், தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் வரை விட வேண்டும். சில கூடுகள் 72 நாள் வரைகூடத் தாங்கியிருப்பதால் வந்த கணக்கு இது. கற்களைப் பிரித்து மீன் பிடிக்கும் பாட்டைப் பார்த்தால் ஒரு மாதத் தனிமை ஒன்றுமே இல்லை.

வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் இன்னும் கொடியது. அது முதலில் செவுளைத்தான் பிடிக்கும், தோலில் பொடி தூவியதுபோலத் தெரிவதற்குள் பல மீன்கள் இறந்துவிடும். வேகமாக மூச்சு வாங்குவது, பம்பின் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்தபடியே நிற்பது, வெளிச்சத்தைத் தவிர்ப்பது, நேற்று சாப்பிட்ட மீன் இன்று தீனியைத் திரும்பிப் பார்க்காதது: இவற்றைக் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே சிகிச்சையைத் தொடங்குங்கள்.

தனித்தொட்டி எளிமையானதுதான். சிறிய மீன்களுக்கு 80 லிட்டர் போதும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். இரண்டும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டுண்ணிக்கும் இடம் கொடுக்கும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஒரு ஹீட்டர், பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதோடு இணைந்த வடிகட்டும் தொட்டியில்) சில வாரம் ஊறி பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், அப்புறம் கட்டாயமாக ஒரு மூடி. மிரண்ட மீன் துள்ளி வெளியே விழும். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் வகை என்றால் மட்டும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மணல் வைத்துவிடுங்கள்.

இந்தத் தொட்டியில் மீன் சாவதற்கு நோயைவிட, மீன் கழிவிலிருந்து சேரும் அமோனியாதான் அடிக்கடி காரணம் என்பது என் எண்ணம். தினமும் சோதியுங்கள், ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள். அமோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்காதீர்கள், சிலவகை சேர்க்கையில் காப்பரின் நஞ்சு கூடிவிடும்.

காப்பரில் கிலேட் செய்தது (வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது), செய்யாதது என்று வகை உண்டு, அளவும் வேறு வேறு. கிலேட் செய்ததில் பொதுவாக 2 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை வைப்பார்கள். மற்றதில் அதே அளவு வைத்தால் மீன் செத்துவிடும். லேபிளைப் படியுங்கள், அந்த வகைக்குப் பொருந்தும் டெஸ்ட் கிட் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். சில நாட்களில் மெல்ல அளவை ஏற்றி, பிறகு 30 நாள் இறங்கவிடாமல் பிடிக்க வேண்டும். காப்பர் நீந்தித் திரியும் பருவத்தை மட்டும்தான் கொல்லும். நடுவில் இரண்டு நாள் அளவு இறங்கினாலும் ஒட்டுண்ணிக்கு வழி திறந்துவிடும்.

எல்லா மீனுக்கும் முதல் நாளே காப்பரா? நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் சாப்பிட வைப்பேன், கவனிப்பேன். டாங் வகை மீன்களுக்கு மட்டும் அறிகுறிக்குக் காத்திருக்க மாட்டேன், வெண்புள்ளி அவற்றை அவ்வளவு எளிதாகப் பிடிக்கிறது. க்ளவுன் மீனில் தோல் சளியாக உரிந்து வந்தால் அது புரூக்ளினெல்லா என்ற வேறொரு ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் காப்பர் பயன்படாது, ஃபார்மலின் குளியல்தான். மீனில் ஒட்டும் தட்டைப்புழுக்களுக்கு பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து, முட்டையை அது கொல்லாது, ஒரு வாரம் போல இடைவெளி விட்டு மறுபடி கொடுக்க வேண்டும்.

வலை, குழாய், வாளி எல்லாம் இரண்டு தொட்டிக்கும் தனித்தனி. அப்புறம் பலர் மறந்துவிடுவது: பவளத்தின் அடிக்கல்லிலும் நத்தை ஓட்டிலும் அந்தக் கூடுகள் ஒட்டிக்கொண்டு வரலாம். அவற்றுக்கும் மீனே இல்லாத வேறொரு தொட்டியில், காப்பர் படாமல், அதே 76 நாள் காத்திருப்பு உண்டு.