நான்கு ஏக்கர் காட்டை யார் பெயரில் எழுதிவைப்பது?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதி பழைய ரப்பர். மீதி ஓடையோரமாக அயனியும் மருதும் வளர்ந்து காடாகவே கிடக்கிறது. நிலங்களை வாங்கி இயற்கைக்காகவே வைத்திருக்கும் அறக்கட்டளைகள் அமெரிக்காவில் உண்டு என்கிறான் அங்கிருக்கும் மகன். இங்கும் அப்படிச் செய்ய முடியுமா? பிள்ளைகள் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: முடியும், ஐயா. ஆனால் உங்கள் மகன் அங்கே பார்ப்பதில் பாதிதான் இங்கே கிடைக்கும்.

அங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிலத்தையே அறக்கட்டளை சொந்தமாக வைத்திருப்பது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891-லேயே இதற்கென்று ஓர் அமைப்பு தொடங்கப்பட்டுவிட்டது. இன்னொன்று, நிலம் உங்களிடமே இருக்க, அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுப்பது. பிறகு யார் வாங்கினாலும் அது அவர்களையும் கட்டுப்படுத்தும். இரண்டாவது வழி நமக்கு இல்லை. நம்முடைய 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் பக்கத்து நிலத்துக்கு நடைபாதை விடுவது, தண்ணீர் விடுவது போன்ற காரியங்களுக்கானது. காட்டைக் காடாகவே விட்டுவைக்க அது உதவாது.

பலர் செய்யும் தவறு ஒன்று. பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பத்திரத்தில் 'விற்கவே கூடாது' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். முழு உரிமையையும் கொடுத்துவிட்டு விற்பனையை அடியோடு தடுப்பது சொத்து மாற்றுச் சட்டம் 10-ஆம் பிரிவின்படி செல்லாது. பொது அறக்கட்டளையில் நிலைமை வேறு. அங்கே நிலம் எவருடைய சொந்தச் சொத்தும் அல்ல. பத்திரத்தில் சொன்ன நோக்கத்துக்காக மட்டுமே அறங்காவலர்கள் அதைக் கையாளலாம். காடு, வனவிலங்குப் பாதுகாப்பை வருமான வரிச் சட்டமும் அறப்பணியாகவே ஏற்கிறது. குடும்பத்துக்குள் எழுதிக்கொள்வதற்கான முத்திரைத்தாள் சலுகையை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு வழி சமுதாயக் காப்பகம், அதாவது காட்டையும் அதிலுள்ள உயிர்களையும் காக்க அரசு அறிவிக்கும் இடம். தனியார் தாமாக முன்வந்தால் அவர்கள் நிலத்தையும் அப்படி அறிவிக்க, 2002-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். மேலாண்மைக் குழுவில் நீங்களும், வனத்துறையின் ஒருவரும், பஞ்சாயத்தின் ஒருவரும் இருப்பீர்கள். அதன்பின் நிலப் பயன்பாட்டை மாற்ற அரசின் ஒப்புதல் வேண்டும். (நம் குமரி மாவட்டத்தின் சுசீந்திரம்–தேரூர்–மணக்குடி காப்பகம் அப்படிப்பட்டதல்ல. அது அரசு நிலத்துக்கான வேறு வகைக் காப்பகம்.)

எதற்கும் முன்னால் வில்லங்கச் சான்று எடுங்கள். கூடவே, உங்கள் சர்வே எண் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்றும் கேளுங்கள். நம் மாவட்டத்தின் மலையோர வட்டங்களில் இது பலரைத் திகைக்கவைத்த விஷயம். வந்தால், மாவட்டக் குழுவின் முன் அனுமதியின்றி விற்கவோ, வேறு பெயருக்கு மாற்றவோ, மரம் வெட்டவோ முடியாது.

இதெல்லாம் காகித வேலை; ஒரு நல்ல வழக்கறிஞர் முடித்துவிடுவார். காடு நிற்பதும் அழிவதும் அதற்குப் பிறகுதான். நம் ஊர்க் காவுகளையே, அதாவது கோயில் காடுகளையே பாருங்கள். சாஸ்தாவின் பெயரிலும் நாகங்களின் பெயரிலும் நிலம் இருந்தது. விளக்கு வைக்க ஆள் இருந்தவரை மரமும் நின்றது. விளக்கு வைத்தவரின் வீடு பூட்டிக் கிடந்த இடங்களில் வேலி ஒவ்வோர் அடியாக உள்ளே நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அறங்காவலர்களில் இருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். ஒருவர் நடந்து வரும் தூரத்தில் குடியிருக்கட்டும். பணத்தையும் இப்போதே ஒதுக்குங்கள். வேலி, கூலி, தீர்வை எல்லாமாக ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத வட்டிக்கு 10 லட்சம் ரூபாய் வைப்பில் இருக்க வேண்டும். நிலத்தைத் தானம் வாங்கும்போதே பராமரிப்புப் பணத்தையும் கேட்பது அமெரிக்க அறக்கட்டளைகளின் வழக்கம். எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

உங்களிடம் அதற்கு மூலதனம் இருக்கிறது: பழைய ரப்பர் மரங்களின் தடி. ஆனால் ஒரே மூச்சில் வெட்டிவிடாதீர்கள். வெயில் உள்ளே விழுந்ததும் கம்யூனிஸ்ட் பச்சை என்னும் களைச்செடி மண்டிவிடும். ரப்பருக்கு அடியில் மண்ணை மூட மூடுபயிராகப் போட்ட முக்குனா கொடி மிச்சமிருந்தால் புதுக் கன்றுகளின் கழுத்தை நெரித்துவிடும். மூன்று நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாக எடுங்கள். அடியில் தானாக முளைத்த அயனி, வேங்கைக் கன்றுகளுக்கு முதலில் அடையாளக் கம்பு நடுங்கள். வெட்டுகிறவருக்குக் கன்றும் களையும் ஒன்றுதான். வெட்டத் தொடங்குமுன் எல்லைக்கல், ஓடை, பெரிய மரங்கள் எல்லாவற்றையும் படமெடுத்துத் தேதியிட்டு வையுங்கள்.

காவலுக்கு வெளியாள் தேட வேண்டாம். இத்தனை ஆண்டுகள் விடியற்காலையில் உங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர் இருப்பார் அல்லவா, மரம் குறைந்ததும் அவருடைய கூலியும் குறையும். அவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, பன்றி எந்த மூலையில் நுழைகிறது என்று அவருக்குத் தெரியும்.