மீன்பிடித் தடைக்காலத்தில் நன்றி ஜெபம் பொய்யாகத் தோன்றுகிறது என்றவருக்கு

நன்றியில் தொடங்க வேண்டாம், முறையீட்டில் தொடங்குங்கள். பைபிளில் திருப்பாடல் 13 ஆறே வசனம்தான். புலம்பலில் ஆரம்பித்துப் பாடலில் முடிகிறது. கடவுளோடு சண்டை போட்டாலும் அது ஜெபம்தான்.

பாம்பனில் விசைப்படகு ஓட்டுகிறவர் என்கிறீர்கள். கடலுக்குப் போகும்போது பாதுகாப்பு, திரும்பும்போது மீன் என்றே இத்தனை நாள் ஜெபித்திருப்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் அந்த இரண்டுமே இல்லை. ஜெபத்துக்கு விஷயம் தீர்ந்துவிட்டது, விசுவாசம் அல்ல என்று நினைக்கிறேன்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். இரவில் அன்று நடந்த ஒன்றே ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள்: வலை பழுது பார்க்கையில் யாரோ டீ வாங்கிக் கொடுத்தது போதும். (பொதுவாக 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்றால் எனக்கும் தூக்கம்தான் வரும்.) அப்புறம், நாளை யாருக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள்.